காலி அறைச் சோதனை

நடுநிசி தாண்டி ஒரு மணி... ஒன்றரை இருக்கும். கிடங்குகளுக்குப் பின்னால் போகிற ரோடு. பகலிலேயே ஆள் நடமாட்டம் கிடையாது, அந்த நேரத்தில் லாரிகூட வராது. இரண்டு பக்கமும் இழுத்துப் பூட்டிய தகர ஷட்டர். விளக்குக் கம்பங்கள் இருந்தன, பாதியில் வெளிச்சம் இல்லை. அந்த ரோட்டில் ஒருத்தன் பைக்கில் வந்துகொண்டிருக்கிறான். சட்டைப் பையில் ஒரு மைக். ஆபீஸ் சிநேகிதனைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, அவன் வாயால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, இரவல் கேட்டு எடுத்து வருகிறான்.

ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தான். உள்ளே அவன் மூச்சு அவனுக்கே கேட்டது. உஸ்ஸ்... ஹா. உஸ்ஸ்... ஹா. நடுவில் ஒரு வேகத்தடை வந்தது. வண்டியை மெதுவாக ஏற்றி இறக்கும்போது, தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

உஸ்ஸ்...

அவன் விடாத மூச்சு ஒன்று கேட்டது.

வண்டியை நிறுத்தினான். ஹெல்மெட்டைக் கழற்றி உள்ளே கையை விட்டுத் துழாவினான். ஈரப் பஞ்சு. வேர்வை நாற்றம். வேறொன்றும் இல்லை. காற்றுதான் என்று முடிவு கட்டி, திரும்ப மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். படித்தவன் இல்லையா.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த மெழுகுவர்த்தியை ஏன் ஊதப் பார்க்கிறாய், எரியட்டும்... கரண்ட் வரும்போது வரட்டும். இது எங்கோ யாருக்கோ நடந்தது இல்லை. நம் சிநேகிதி ஒருத்தியின் தங்கை புருஷனுக்கு நடந்தது. அடுத்த வீட்டுச் சமாசாரத்தைப் பேசுவது தப்புதான். ஆனால் பேசாமல் வைத்துக்கொண்டு தூக்கம் வராமல் புரள்வது அதைவிடத் தப்பு.

அவனுக்கு ஆபீஸில் பச்சை என்று பெயர். ப்ரோகிராம் எழுதுகிறவர்கள், எழுதினது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கச் சின்னச் சின்னதாக நூறு சோதனை வைத்திருப்பார்களாம். தேறினால் திரையில் பச்சை. தேறாவிட்டால் சிவப்பு. இவன் திரையில் ஒரு சிவப்பு இருந்தால் போதும், சாப்பிட மாட்டான், தூங்க மாட்டான், குளிக்க மாட்டான். குளிக்காததற்கு வேறு காரணமும் இருக்கலாம், அதை நாம் கிளற வேண்டாம். எப்படியாவது எல்லாவற்றையும் பச்சையாக்கிவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பான்.

அதோடு ஒரு வீம்பு. ரெடிமேடாகக் கிடைக்கிற ப்ரோகிராம் எதையும் தொட மாட்டான். நாமெல்லாம் கடையில் தொங்குகிற சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு போகிறோம். இவன் துணி எடுத்து, வெட்டி, தானே தைத்துத்தான் போடுவான். உலகத்தில் நல்ல மனசுக்காரர்கள் சிலர் ப்ரோகிராமை எழுதி, அதன் சோர்ஸையும், அதாவது எழுதின மூலத்தையும், சும்மா கொடுத்துவிடுவார்களாம். அதை எடுத்து வந்து தன் கம்ப்யூட்டரில் ஓடுகிற மாதிரி தைத்துக்கொள்ள வேண்டும், அதற்குக் கம்பைல் பண்ணுவது என்று பெயர். அப்படிப் பண்ணுகிறபோது வருகிற இம்சையைத் தீர்ப்பதில் இவனுக்கு ஒரு சுகம்.

கல்யாணமானதிலிருந்து மாமனார் வீட்டோடு இருக்கிறான். மாமனார் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கே அவர் மாஸ்டர்தான். ஆயுசு முழுக்க விசில் ஊதியதாலோ என்னவோ, அவர் மூச்சிலேயே விசில் புகுந்துவிட்டது. தூங்கும்போது இழுப்பார், விடுவார், விடுகிற மூச்சின் வாலில் 'உய்ங்' என்று ஒரு சின்ன விசில். அக்கம்பக்கத்தில் நாமெல்லாம் சிரிப்போம். "மாஸ்டர் கனவுல யாரையோ ஓடவிடுறார்" என்போம்.

சிரிப்பு கொஞ்ச நாள்தான். அவருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்றுபோகிற வியாதி. இழுப்பார், விடுவார்... அப்புறம் ஒன்றும் இருக்காது. தோளைத் தொட்டுப் புரட்டிவிட்டால் திடுக்கென்று மூச்சு திரும்பும். "தொட ஆள் இருக்கற வரைக்கும் பயமில்ல, ஆள் இல்லாம விட்டுடாதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். முகத்தில் மாட்டுகிற மெஷின் ஒன்று கொடுத்தார்கள். மாஸ்டர் ஒரே ராத்திரியில் அதைக் கழற்றி எறிந்துவிட்டார். "மாட்டுக்கு வாய்ப்பூட்டு போட்ட மாதிரி இருக்கு. நான் இப்படியே போயிடறேன், விடுங்கப்பா."

மகள்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்து பார்த்துக்கொண்டாள். அவளுக்குத் தணிக்கை வேலை, ஊர் ஊராகப் போய் அடுத்தவர் கணக்கில் தப்புக் கண்டுபிடிக்கிற உத்தியோகம். எத்தனை நாளைக்கு வெளியூரை மறுக்க முடியும்? ஒரு நாள் மறுக்க முடியாமல் போயிற்று.

"நான் பாத்துக்கறேன், நீ போ" என்றான் பச்சை. "மூச்சைக் கேக்கற சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு. கட்டில் பக்கத்துல மைக் வெச்சுட்டா போதும். மூச்சு நின்னா அலாரம் அடிச்சு வீட்டையே எழுப்பிடும். நானே கம்பைல் பண்ணிடறேன்."

"மெஷின் பாக்கறது இருக்கட்டும். நீங்க பாப்பீங்களா?"

"மெஷின் பாத்தா நான் பாத்த மாதிரிதான்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றவள் திரும்பி ஒரே ஒரு வார்த்தை சொன்னாளாம். "எனக்கு அப்பா ஒருத்தர்தாங்க."

அவ்வளவுதான். போய்விட்டாள்.

அன்றைக்கே ஆரம்பித்தான். ராத்திரி மாஸ்டரின் அறை வாசலில் நாற்காலி போட்டு, மடியில் லேப்டாப். ஒரு காது விசிலில், இரண்டு கண்ணும் திரையில். முதலில் கம்பைலே ஆகவில்லை. லைப்ரரி என்று ஏதோ ஒரு துணை ப்ரோகிராம் இல்லை என்றது. அதைக் கொண்டுவந்து கொடுத்தால், இது புதுசு, எனக்குப் பழசுதான் வேண்டும் என்றது. பழசைத் தேடிப் பிடித்தால், அது இன்னொரு பழசைக் கேட்டது. சம்பந்தி வீட்டுக்காரர்கள் மாதிரி ஒன்று மாற்றி ஒன்று. நடுவில் மெமரி போதாமல் பாதியில் செத்து விழுந்தது. லேப்டாப் விசிறி கொய்ய்ய்... என்று கத்த, பிளாஸ்டிக் சூடேறுகிற வாடை. இவனுக்கு அதெல்லாம் தாலாட்டு. ஒவ்வொரு பிழையாக வாசித்து, ஒவ்வொன்றாக முடிச்சு அவிழ்த்தான். கடைசியில் ஒரு ராத்திரி கம்பைல் ஆகிவிட்டது.

இனி சோதனைகள் ஓட வேண்டும். சரசரவென்று பச்சை. பச்சை. பச்சை...

ஒன்று சிவப்பு.

அது என்ன சோதனை என்பதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், கதையே அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டு அறைக்கும் ஒவ்வொரு சத்தம் உண்டு. மின்விசிறி, தண்ணீர்க் குழாய், ஜன்னல் கொக்கி. மெஷின் அதையெல்லாம் மூச்சு என்று எண்ணிவிடக் கூடாது இல்லையா? அதனால் அந்த ப்ரோகிராமை எழுதியவர் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். நோயாளி படுக்கிற அறையைக் காலி பண்ணி, கதவைச் சாத்தி, மைக்கை மட்டும் உள்ளே வைத்துக் கொஞ்ச நேரம் பதிவு பண்ண வேண்டும். அந்தப் பதிவில் எத்தனை பேர் மூச்சு கேட்கிறது என்று மெஷின் எண்ணும். காலி அறை. பூஜ்யம் வர வேண்டும். பூஜ்யம் வராத அறையில் இதை நம்பாதீர்கள் என்று எழுதியவரே சொல்லியிருந்தார்.

பச்சை, மாஸ்டரை ஹாலில் டி.வி. முன்னால் உட்காரவைத்துவிட்டு, அறையைச் சாத்திப் பதிவு பண்ணியிருந்தான்.

திரையில் சிவப்பு எழுத்து. எதிர்பார்த்தது: பூஜ்யம். கிடைத்தது: ஒன்று.

மின்விசிறியாக இருக்கும் என்று அதை அணைத்துப் பதிவு பண்ணினான். ஒன்று. சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைப் பிடுங்கினான். ஒன்று. ஃபிரிட்ஜின் வயரை உருவினான். ஒன்று, பாலும் கெட்டுப்போனது. கம்பைல் பண்ணினது எல்லாவற்றையும் துடைத்துப் போட்டுவிட்டு அடியிலிருந்து மறுபடி பண்ணினான். முந்தின வெர்ஷனை எடுத்துப் பண்ணினான். ஆபீஸ் லேப்டாப்பில் பண்ணினான்.

ஒன்று. ஒன்று. ஒன்று.

சமையலறையில் பதிவு பண்ணினால் பூஜ்யம். ஹாலில் பூஜ்யம். குளியலறையில்கூடப் பூஜ்யம். மாஸ்டர் அறையில் மட்டும் ஒன்று.

சரி, மைக்தான் கோளாறு என்று பட்டது. அதற்காகத்தான் அந்த நடுராத்திரிப் பயணம். அப்பார்ட்மென்ட் வாட்ச்மேனைக் கெஞ்சி மாஸ்டர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, மைக் வாங்கப் போனான். திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றும்போது வாட்ச்மேன் அறைக்குள் இல்லை. ஹாலில், கதவோரம், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் இங்க நிக்கறீங்க? மாமா?"

"இருக்கார் சார். நல்லாத்தான் தூங்கறார். நடுவுல பாத்ரூமுக்கு எழுந்தார், நான்தான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன்."

"அப்புறம் என்ன?"

"அவர் பாத்ரூம்ல இருந்தப்ப..." வாட்ச்மேன் தொப்பியை எடுத்துத் தலையைத் தடவிக்கொண்டார். "ரூம்ல குறட்டை கேட்டுச்சு சார். பக்கத்து வீடா இருக்கும்ல?"

"குழாயா இருக்கும்."

"குழாய்தான் சார்" என்றார் அவர், மாடிப்படி பாதி இறங்கிவிட்டு. அதற்குப் பிறகு இந்த ஜென்மத்தில் அந்த வீட்டுக் காலிங்பெல்லை அவர் தொடவில்லை.

மறுநாள் இரவல் மைக். அறை காலி. ஒன்று.

பச்சைக்கு இப்போது ரோஷம் வந்துவிட்டது. எங்கேயிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம் என்று மைக்கை இடம் மாற்றி மாற்றி வைத்தான். தலையணை மேல் வைத்தால் சத்தம் மங்கல். ஜன்னல் பக்கம் அதைவிட மங்கல். கால்மாட்டில் கொஞ்சம் கூடுதல். கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தான்.

பக்கத்தில் படுத்திருக்கிறவர் மாதிரி கேட்டது.

நீண்ட மூச்சு. உள்ளே இழுக்க அவ்வளவு நேரம்... தொண்டையில் ஒரு 'க்ளுக்'... அப்புறம் அதே நீளத்துக்கு வெளியே. விசில் கிடையாது. அவசரமும் கிடையாது. நிறைய நேரம் இருக்கிறவர்கள் விடுகிற மூச்சு.

டார்ச்சை எடுத்துக்கொண்டு குப்புறப் படுத்துப் பார்த்தான். மாஸ்டரின் பழைய கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி. காற்றுப் போன ஒரு பந்து. தூசி. ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த பீரோவைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே ஒரு வாடை... அது. வேறொன்றும் இல்லை. தரைக்கு அடியில் கீழ் வீட்டுக் குழாய் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்து, முழங்கால் தூசியைத் தட்டினான்.

நீங்களோ நானோ என்ன செய்திருப்போம்? அறையை மாற்றியிருப்போம். மாஸ்டரை ஹாலில் படுக்கப் போட்டிருப்போம். அவனுக்குத் தோன்றவில்லையே. அவனுக்குத் திரையில் ஒரு சிவப்பு இருந்தது. அந்தச் சிவப்பு மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

அவனையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. ராத்திரி முழுக்க வாசலில் உட்கார்ந்து விசிலைக் கேட்கிறான், நின்றால் ஓடிப்போய்த் தோளைத் தொடுகிறான். விடிந்தால் ஆபீஸ். அங்கே மீட்டிங்கில் வாயைத் திறந்துகொண்டு தூங்கி, மேனேஜரிடம் மானம் போயிற்று. அன்றைக்குச் சாயங்காலம் மனைவி ஃபோன்.

"ரெடியாயிடுச்சா?"

"ஒரே ஒரு டெஸ்ட்தான் பாக்கி. இன்னைக்கு முடிஞ்சிடும்."

"முடியலன்னா சொல்லிடுங்க. நான் பாதியில விட்டுட்டு வந்துடறேன்."

"முடியும்னு சொல்றேன்ல!"

கட்டிலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த மாஸ்டர் சிரித்தார். "ஒண்ணுலதான மாப்பிள்ளை பெயிலு? பாஸ் போட்டு விடு. எத்தனை பசங்களுக்கு நான் போட்டிருக்கேன்."

பாவம், விளையாட்டாகத்தான் சொன்னார்.

சோதனை தேறவில்லை என்றால் ப்ரோகிராமைச் சரி பண்ண வேண்டும். அது ஒரு வழி. அலுத்துப்போனால் இந்த ஆட்கள் செய்கிற இன்னொரு வேலை உண்டு. சோதனையையே திருத்திவிடுவார்கள். எது விடையாக வருகிறதோ அதுதான் சரியான விடை என்று எழுதிவிடுவார்கள். ஆபீஸில் எல்லாரும் செய்வதுதான், ஊர் ஒன்றும் முழுகிப்போனதில்லை. பச்சையும் அந்தச் சோதனையைத் திறந்தான். 'பூஜ்யம்' என்று இருந்த இடத்தை அழித்தான். 'ஒன்று' என்று போட்டான்.

யோசித்துப் பாருங்கள். இந்த அறையில் யாரும் இல்லாதபோது ஒருத்தர் மூச்சு விடுவது சரிதான் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டான்.

எதையாவது மாற்றினால் ஏன் மாற்றினோம் என்று பக்கத்திலேயே ஒரு குறிப்பு எழுதுவது அவர்கள் வழக்கம். இவன் நல்ல பிள்ளை, வழக்கத்தை விட மாட்டான். தூக்கக் கலக்கத்தில் எழுதினான்.

இருந்துட்டுப் போகட்டும்.

ஓடவிட்டான். எல்லாம் பச்சை.

அந்த நிமிஷம் அறைக்குள் கட்டிலின் கம்பிச் சுருள் ஒருமுறை கிரீச்சிட்டதாம். மாஸ்டர் அப்போது ஹாலில் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி மாஸ்டரைப் படுக்கவைத்து, மைக்கைத் தலைமாட்டில் வைத்து, லேப்டாப்பை மேஜையில் வைத்தான். திரையில் ஒரு பச்சைப் புள்ளி. மூச்சு வரும்போதெல்லாம் புள்ளி விரியும், சுருங்கும். 'உய்ங்' என்று விசில். விரியும். 'உய்ங்'. சுருங்கும். கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்தான். ஒருமுறை மூச்சு நின்றது. புள்ளி மஞ்சளாகி... சிவப்பாகி... அலாரம் கீய்ங் கீய்ங் என்று அலறி மாஸ்டரே விழித்துக்கொண்டார்.

"வேலை செய்யுதுப்பா உன் மெஷின்! காதே போச்சு."

"நீங்க தூங்குங்க மாமா."

"நீயும் போய்த் தூங்கு மாப்பிள்ளை. கண்ணெல்லாம் ரத்தமா இருக்கு."

ஹாலில் சோஃபாவில் விழுந்தான். எத்தனையோ நாள் கழித்து வந்த தூக்கம். கல்லைக் கிணற்றில் போட்ட மாதிரி.

விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. அலாரம் அடிக்கவே இல்லை. எட்டிப் பார்த்தான். பச்சைப் புள்ளி நிதானமாக விரிகிறது, சுருங்குகிறது. இத்தனை சீராக மாஸ்டர் என்றைக்கும் மூச்சு விட்டதில்லை. சந்தோஷமாகிவிட்டது. மனைவிக்கு மெசேஜ் அனுப்பினான்: 'சூப்பரா வேலை செய்யுது. அப்பா நல்லா தூங்கறார்.' டீ போட்டான், இரண்டு டம்ளரில். ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போய், "மாமா" என்று தோளைத் தொட்டான்.

சில்லென்றிருந்தது. விறைத்துக் கிடந்தது.

டீ கொட்டியது அவனுக்குத் தெரியவில்லை. அவர் கண் பாதி திறந்து ஹால் பக்கம் பார்த்தபடி இருந்தது. வலது கை கட்டிலுக்கு வெளியே கதவை நோக்கி நீண்டு நின்றுபோயிருந்தது.

மேஜை மேல் பச்சைப் புள்ளி விரிந்தது. சுருங்கியது. விரிந்தது.

டாக்டர் வந்து இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ராத்திரி முதல் தூக்கத்துலயே போயிருக்கு" என்றார். போகும்போது மேஜையைக் காட்டி, "அதை ஆஃப் பண்ணுங்க, என்னமோ மாதிரி இருக்கு" என்றார்.

மகள் மத்தியானம் வந்து சேர்ந்தாள். அழவில்லை. அக்காக்காரி, அதான் நம் சிநேகிதி, கட்டிப்பிடித்துக் கதறியபோதும் மரம் மாதிரி நின்றாளாம். எல்லாம் முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, லேப்டாப்பைக் கொண்டு வரச் சொன்னாள்.

"மெஷின் பாத்துச்சுன்னு சொன்னீங்கல்ல. போடுங்க, கேப்போம்."

"வேண்டாமே..."

"போடுங்க."

ராத்திரிப் பதிவு முழுக்க அதில் இருந்தது. போட்டான். விசில். விசில். புரண்டு படுக்கிற சத்தம். விசில். அப்புறம் விசில் கொஞ்சம் வேகமாயிற்று... தொண்டையில் ஏதோ சிக்கின மாதிரி... நடுவில், மெதுவாக, "மாப்பிள்ளை" என்று ஒரு குரல். இன்னொரு தடவை. அதுவும் மெதுவாகத்தான்.

அப்புறம் சத்தமே இல்லை.

அலாரம் அடிக்க மெஷின் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கும். மஞ்சள், சிவப்பு, அப்புறம்தான் அலறல். திரையில் புள்ளி மஞ்சளாயிற்று. சிவப்பாயிற்று. அவர்கள் இரண்டு பேரும் குனிந்து காத்துக்கொண்டிருக்கிறார்கள். நடந்து முடிந்ததுதான், ஆனாலும் இப்போதாவது அடித்துவிடாதா என்கிற மாதிரி...

'க்ளுக்.'

நீளமாக ஒரு மூச்சு. புள்ளி பச்சையாயிற்று.

அதற்கப்புறம் விடிகிற வரைக்கும் அந்த மூச்சுதான். விசில் இல்லாமல். அவசரம் இல்லாமல். அலாரம் அடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் ஆரம்பித்து, கொஞ்சமும் இடைவெளி விடாமல்.

அவள் அந்தப் புள்ளி மேல் விரலை வைத்தாள். "இது அப்பா இல்ல" என்றாள். "இது யாரு?"

அவன் சொன்னான். காலி அறை, ஒன்று, குழாய், தான் மாற்றி எழுதினது, எல்லாவற்றையும் சொன்னான். கல்யாணமான நாளிலிருந்து அவனை நீங்க என்றே கூப்பிட்டுப் பழகினவள் அன்றைக்குக் கேட்டாள்:

"உனக்குத் தெரியும். இல்ல?"

அன்றைக்கே அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். வீட்டைப் பூட்டிச் சாவியையும் வாங்கிக்கொண்டாள். வீட்டோடு மாப்பிள்ளை வீடில்லாத மாப்பிள்ளையானான் என்று நாமெல்லாம் பேசிச் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது.

அவன் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு, மாடியில் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தான். வெள்ளையடித்த சுவர், ஒரு ஜன்னல், அறையோடு வந்த ஓர் இரும்புக் கட்டில். பழைய வீட்டிலிருந்து ஒரு துரும்புகூட எடுத்து வரவில்லை. லேப்டாப் புதுசு, மைக் புதுசு. ஆனால் ஒரு வேலை மட்டும் அவனை விடவில்லை. நெட்டில் சேமித்து வைத்திருந்த ப்ரோகிராமை இறக்கி, தான் மாற்றினதைத் திரும்பச் சரியாக்க வேண்டும். அந்தச் சோதனையைத் திறந்தான். 'ஒன்று' என்பதை அழித்துப் 'பூஜ்யம்' என்று போட்டான். இருந்துட்டுப் போகட்டும் என்ற குறிப்பையும் அழித்தான். எல்லாவற்றையும் துடைத்து, அடியிலிருந்து கம்பைல் பண்ணினான். இந்த முறை ஒரு பிழைகூட வரவில்லை. எல்லாம் தயாராகக் காத்திருந்த மாதிரி ஒரே ஓட்டத்தில் ஓடி முடிந்தது.

மைக்கை அறை நடுவில் வைத்து, வெளியே வந்து கதவைப் பூட்டி, மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். நேரமானதும் திறந்து உள்ளே போய்ச் சோதனையை ஓடவிட்டான். பச்சை. பச்சை. பச்சை...

ஒன்று சிவப்பு.

எதிர்பார்த்தது: பூஜ்யம். கிடைத்தது: இரண்டு.

பதிவைப் போட்டுக் கேட்டான். நீளமான அந்த மூச்சு, நடுவில் 'க்ளுக்'. அது ஓய்கிற இடத்தில் இன்னொரு மூச்சு. வாலில் சின்னதாக... 'உய்ங்'.

மனைவிக்கு ஃபோன் பண்ணினான். அத்தனை நாள் அவன் பெயரைப் பார்த்தாலே ஃபோனைக் கவிழ்த்து வைத்தவள், அன்றைக்கு என்ன நினைத்தாளோ, எடுத்தாள். லேப்டாப்பை ஃபோனுக்குப் பக்கத்தில் வைத்தான். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அக்காக்காரி பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். தங்கையின் வாய் மட்டும் 'அப்பா' என்று அசைந்தது, சத்தம் வரவில்லை என்கிறாள்.

கடைசியில் அவள் கேட்டது ஒரே கேள்வி. கணக்குப் பார்க்கிறவள் இல்லையா, கேட்க வேண்டியதைத்தான் கேட்டாள்.

"அங்க கட்டில் இருக்கா?"

"இருக்கு."

"மைக்கை நகர்த்தி வெச்சுப் பாருங்க. அப்பா எங்க இருக்கார்னு பாத்துச் சொல்லுங்க."

மறுபடி நீங்க என்றாள். அதுவே போதும் என்று அவனும் மைக்கை எடுத்துக்கொண்டு போனான். கட்டிலுக்கு அடியில் ஒருமுறை வைத்துப் பூட்டிவிட்டு வந்தான். தலையணை மேல் ஒருமுறை வைத்துப் பூட்டிவிட்டு வந்தான். இரண்டையும் போட்டுக் கேட்டான். கேட்டுவிட்டு, ஃபோனை எடுத்துச் சொன்னான்.

விசில் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

மற்றது... தலையணை மேல்.